ஸ்காட்லாந்து ராணி மேரி: மூன்று விவாகங்களும் முடியாத வழக்கும்

பள்ளியில் சரித்திரம் படித்த எல்லோருக்கும் அக்பர் பிறந்தது 1542 என்பது நினைவிருக்கும். அந்த வருஷம் அக்டோபர் மாதம், ராஜ்யத்தை இழந்து அலைந்து கொண்டிருந்த ஹுமாயூனுக்கு, சிந்துப் பிரதேசத்து உமர்கோட்டில் அவர் பிறந்தார். அதே வருஷம் டிசம்பர் 8-ஆம் தேதி, எங்கோ தூரத்தில், ஸ்காட்லாந்தின் லின்லித்கோ அரண்மனையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. அக்பர் பதின்மூன்றாவது வயதில் பட்டத்துக்கு வந்தார். இந்தக் குழந்தையோ பிறந்த ஆறாம் நாளே நாட்டுக்கு ராணியாகி விட்டது. அக்பர் தலையெடுக்கும் வரை ராஜ்யத்தைக் கட்டிக் காக்க ஒரு பைராம் கான் இருந்தார். இந்தப் பெண்ணுக்குத் தாயாரைத் தவிர அப்படி யாரும் வாய்க்கவில்லை. அவளைச் சுற்றி இருந்த ஒவ்வொருவருக்கும் அவளால் ஆக வேண்டிய காரியம் ஏதாவது ஒன்று இருந்தது.

அவள்தான் ஸ்காட்லாந்து ராணி மேரி. அவளைப் பற்றி நாடகங்களும் நாவல்களும் சினிமாக்களும் ஏராளம். நான் விஞ்ஞானப் பட்டதாரி. சரித்திரம் போதித்தவன் இல்லை. ஆனால் முப்பது வருஷங்களுக்கு மேல் சர்க்கார் கோப்புகளோடு காலம் தள்ளியவன். மேரியின் வாழ்க்கையில் என்னை இழுத்துப் பிடித்தது அவள் மேல் நடந்த ஒரு விசாரணை. அதற்குப் போகுமுன் அவள் கதையைச் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன்.

தொட்டிலில் மகுடம்

மேரியின் தகப்பனார் ஐந்தாம் ஜேம்ஸ். 1542 நவம்பரில் ஸால்வே மாஸ் என்ற இடத்தில் அவர் சேனை இங்கிலாந்திடம் தோற்றது. மனமுடைந்து, நோயில் படுத்தவர் டிசம்பர் 14-ஆம் தேதி காலமானார். தாயார் மேரி ஆஃப் கீஸ், பிரான்ஸ் தேசத்துப் பிரபு குடும்பத்துப் பெண். 1543 செப்டம்பர் 9-ஆம் தேதி ஸ்டர்லிங் கோட்டையில் குழந்தைக்குப் பட்டாபிஷேகம் நடந்தது. அப்போது அதற்கு ஒன்பது மாதம்.

அதற்குள் பெண் கேட்டு வந்து விட்டார்கள். இங்கிலாந்தின் எட்டாம் ஹென்றி தன் ஐந்து வயது மகன் எட்வர்டுக்கு மேரியை நிச்சயம் செய்து 1543 ஜூலையில் ஒப்பந்தம் போட்டார். இந்தச் சம்பந்தம் நடந்தால் தங்கள் நாடே இங்கிலாந்தின் வயிற்றுக்குள் போய்விடும் என்று பயந்த ஸ்காட்லாந்துப் பாராளுமன்றம் டிசம்பரில் அதை ரத்து செய்தது. ஹென்றி சேனையை அனுப்பி எடின்பரோ நகரைக் கொளுத்தினார். பிற்காலத்தில் இந்த யுத்தத்துக்கு முரட்டுப் பெண் கேட்பு என்று கேலியாகப் பெயர் வைத்தார்கள். 1547-இல் பிங்கி என்ற இடத்தில் ஸ்காட்லாந்து சேனை மறுபடி படுதோல்வி அடைந்ததும், குழந்தையை இனி இங்கே வைத்திருப்பது ஆபத்து என்று தாயார் தீர்மானித்தார். 1548 ஆகஸ்டில், ஐந்து வயது மேரி பிரான்ஸுக்குக் கப்பலேற்றப்பட்டாள்.

முதல் விவாகம்

பிரான்ஸ் அரசர் இரண்டாம் ஹென்றியின் குழந்தைகளோடு அவள் வளர்ந்தாள். பிரெஞ்சு அவளுக்குத் தாய்மொழி போலாயிற்று. லத்தீன், இத்தாலிய மொழி, சங்கீதம், நாட்டியம், பூத்தையல் எல்லாம் கற்றாள். 1558 ஏப்ரல் 24-ஆம் தேதி பாரிஸ் நோத்ர தாம் தேவாலயத்தில் பட்டத்து இளவரசன் பிரான்ஸிஸுக்கும் அவளுக்கும் கல்யாணம். மணமகனுக்குப் பதினாலு, மணமகளுக்குப் பதினைந்து வயது.

அதற்கு இருபது நாள் முன்பு நடந்த ஒன்றைக் குறிப்பிட வேண்டும். தனக்குச் சந்ததி இல்லாமல் போனால் ஸ்காட்லாந்து பிரான்ஸ் அரசருக்கே சேரும் என்ற ரகசியப் பத்திரங்களில் மேரியிடம் கையெழுத்து வாங்கினார்கள். கல்யாணத்துக்கு வந்திருந்த ஸ்காட்லாந்துப் பிரதிநிதிகளுக்கு இது தெரியாது. பெரியவர்கள் காட்டிய இடத்தில் ஒரு சிறு பெண் கையெழுத்துப் போட்டாள்.

அதே 1558 நவம்பரில் இங்கிலாந்தில் எலிஸபெத் பட்டத்துக்கு வந்தாள். எலிஸபெத்தின் பெற்றோர் விவாகத்தைக் கத்தோலிக்கர்கள் ஏற்கவில்லை. அவர்கள் கணக்கில் இங்கிலாந்துக்கும் உரிமையுள்ள ராணி மேரிதான். மாமனார் ஹென்றி சும்மா இருக்காமல், மருமகளின் விருதுச் சின்னத்தில் இங்கிலாந்தின் சின்னத்தையும் சேர்க்கச் செய்தார். எலிஸபெத் இதைக் கடைசி வரை மறக்கவில்லை. இத்தனைக்கும் எலிஸபெத், மேரியின் அப்பாவுக்கு மாமன் மகள். நம் முறைப்படி கணக்குப் போட்டால் மேரிக்குச் சித்தி ஸ்தானம். வயதில் ஒன்பது வருஷம்தான் பெரியவள்.

1559 ஜூலையில் ஒரு விளையாட்டுப் போட்டியில் ஈட்டி தாக்கி மாமனார் இறந்தார். பதினாறு வயதில் மேரி இரண்டு தேசங்களுக்கு ராணி. 1560 ஜூனில் தாயார் ஸ்காட்லாந்தில் காலமானார். டிசம்பர் 5-ஆம் தேதி காதில் வந்த நோயினால் பிரான்ஸிஸும் போய்ச் சேர்ந்தான். பதினெட்டாவது பிறந்த நாளுக்கு மூன்று நாள் இருக்கையில் மேரி விதவையானாள்.

1561 ஆகஸ்ட் 19-ஆம் தேதி அவள் லீத் துறைமுகத்தில் இறங்கியபோது அது பழைய ஸ்காட்லாந்து இல்லை. முந்தின வருஷமே பாராளுமன்றம் போப்பாண்டவரின் அதிகாரத்தை நீக்கி, கத்தோலிக்கப் பூஜையையும் தடை செய்திருந்தது. ராணி கத்தோலிக்கப் பெண்; நாடு பிராட்டஸ்டண்ட் நாடு. மேரி தன் மதத்தை விடவில்லை. பிறர் மேல் திணிக்கவும் இல்லை. தன் அரண்மனைக் கோயிலில் மட்டும் பூஜை நடத்திக் கொண்டாள். மதகுரு ஜான் நாக்ஸ் அதையும் கண்டித்துப் பிரசங்கம் செய்தார். அவரை நேரில் வரவழைத்து வாதாடினாளே தவிர, தண்டிக்கவில்லை. தகப்பனாருக்கு விவாகத்துக்கு வெளியே பிறந்த அண்ணன் ஜேம்ஸ், அதாவது மரே பிரபு, அவளுக்கு ஆலோசகர். நாலு வருஷம் ராஜ்யம் ஒருவாறு நன்றாகவே நடந்தது.

இரண்டாவது விவாகம்

முதல் கல்யாணம் பெரியவர்கள் பார்த்துச் செய்தது. இரண்டாவது அவளே தேடிக் கொண்டது. டார்ன்லி பிரபு அவளுக்குச் சொந்த அத்தை பிள்ளை; அப்பாவும் அந்த அத்தையும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள். நமக்கு முறை மாப்பிள்ளை. அவர்கள் மதத்திலோ அதற்குப் போப்பாண்டவரின் அனுமதி வேண்டும். அது வந்து சேருமுன்பே, 1565 ஜூலை 29-ஆம் தேதி ஹோலிரூட் அரண்மனையில் கல்யாணம் முடிந்து விட்டது. மேரி ஏறக்குறைய ஆறடி உயரம். அவளை விட உயரமான, பார்க்க லட்சணமான, பத்தொன்பது வயதுப் பையன். இங்கிலாந்துப் பட்டத்தில் அவனுக்கும் ஒரு பாத்தியதை உண்டு. இந்தச் சம்பந்தம் பிடிக்காத மரே பிரபு கலகம் செய்தார். மேரி தானே சேனையோடு குதிரையேறிப் போய் அண்ணனை இங்கிலாந்துக்கு விரட்டினாள்.

சில மாதங்களிலேயே மாப்பிள்ளையின் லட்சணம் தெரிந்து விட்டது. குடி, அகம்பாவம், பொறுப்பின்மை. ராணியின் கணவன் என்பது அவனுக்குப் போதவில்லை. தனக்கே மகுடம் வேண்டும் என்றான். மேரி கொடுக்கவில்லை. அவளிடம் பாடகனாக வந்து, பிரெஞ்சுக் கடிதப் போக்குவரத்துக்குக் காரியதரிசியான ரிஸ்ஸியோ என்ற இத்தாலியன் மேல் அவனுக்குச் சந்தேகத்தை ஊட்டினார்கள். 1566 மார்ச் 9-ஆம் தேதி இரவு, மேரி சிலரோடு உணவருந்திக் கொண்டிருந்த சிறு அறைக்குள் டார்ன்லியும் பிரபுக்களும் புகுந்தார்கள். அவள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் ஆடையைப் பற்றிக் கொண்டு கதறிய ரிஸ்ஸியோவை இழுத்துப் போய் ஐம்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் குத்திக் கொன்றார்கள்.

இரண்டே நாளில் அவள் டார்ன்லியைப் பேசித் தன் பக்கம் இழுத்து, நடுராத்திரியில் அவனோடு தப்பி டன்பார் கோட்டைக்குப் போனாள். ஜூன் 19-ஆம் தேதி எடின்பரோ கோட்டையில் ஆண் குழந்தை பிறந்தது. அதற்கும் ஜேம்ஸ் என்றே பெயர். ஆனால் கணவன் மேலிருந்த பிரியம் திரும்பவில்லை.

1567 ஜனவரியில் கிளாஸ்கோவில் நோயுற்றுக் கிடந்த டார்ன்லியை மேரி எடின்பரோவுக்கு அழைத்து வந்து, கர்க் ஓ ஃபீல்ட் என்ற இடத்தில் ஒரு வீட்டில் தங்க வைத்தாள். தினமும் போய்ப் பார்த்தாள். பிப்ரவரி 9-ஆம் தேதி இரவு, ஹோலிரூட்டில் தன் ஊழியன் ஒருவனின் கல்யாணக் கேளிக்கைக்காக அங்கிருந்து கிளம்பினாள். விடியற்காலை இரண்டு மணிக்கு அந்த வீடு வெடி மருந்தால் தகர்ந்தது. டார்ன்லியும் அவன் வேலைக்காரனும் வெளியே தோட்டத்தில், உடலில் தீக்காயமோ வெட்டுக்காயமோ இல்லாமல், பிணமாகக் கிடந்தார்கள்.

மூன்றாவது விவாகம்

கொலைக்குச் சூத்திரதாரி பாத்வெல் பிரபு என்று ஊரே சொல்லிற்று. ஏப்ரல் 12-ஆம் தேதி அவன் மேல் விசாரணை நடந்தது. ஊர் முழுக்க அவன் ஆட்கள். வாதியான டார்ன்லியின் தகப்பனார் வரவே துணியவில்லை. ஒரே நாளில் விடுதலை. ஒரு வாரம் கழித்து, ராணிக்கு ஏற்ற கணவன் பாத்வெல்தான் என்று ஒரு பத்திரத்தில் பல பிரபுக்கள் கையெழுத்திட்டார்கள். ஏப்ரல் 24-ஆம் தேதி, ஸ்டர்லிங்கில் குழந்தையைப் பார்த்துவிட்டுத் திரும்பிக் கொண்டிருந்த மேரியைப் பாத்வெல் படையோடு வழிமறித்து டன்பாருக்குக் கொண்டு போனான். அது பலாத்காரமா, அவள் சம்மதத்தோடு ஆடிய நாடகமா என்ற சர்ச்சை நானூற்றைம்பது வருஷங்களாகத் தீரவில்லை. பாத்வெல் அவசரமாகத் தன் மனைவியை விவாகரத்து செய்தான். மே 15-ஆம் தேதி, டார்ன்லி செத்து மூன்று மாதம் ஐந்து நாளில், மேரிக்கும் அவனுக்கும் பிராட்டஸ்டண்ட் முறையில் கல்யாணம் நடந்தது.

முன்பு பத்திரத்தில் கையெழுத்திட்டவர்களில் பலரே இப்போது கத்தியைத் தூக்கினார்கள். ஜூன் 15-ஆம் தேதி கார்பெரி குன்றில் சேனைகள் எதிர்நின்றன. மேரியின் ஆட்கள் ஒவ்வொருவராக நழுவினார்கள். பாத்வெல்லைப் போக விட்டுவிட்டு அவள் சரணடைந்தாள். பாத்வெல் கடைசியில் டென்மார்க் நாட்டுச் சிறையில் 1578-இல் மாண்டான். அவர்கள் மறுபடி சந்திக்கவே இல்லை.

லாக்லெவன் ஏரி நடுவில் ஒரு தீவுக் கோட்டையில் மேரியை அடைத்தார்கள். அங்கே அவளுக்கு இரட்டைக் கரு கலைந்தது. எழுந்திருக்க முடியாமல் படுத்திருந்தவளை, ஜூலை 24-ஆம் தேதி, பட்டத்தைத் துறக்கும் பத்திரங்களில் கையெழுத்துப் போட வைத்தார்கள். பதின்மூன்று மாதக் குழந்தை ஜேம்ஸ் அரசனானான். மரே பிரபு, குழந்தையின் பெயரால் ராஜ்யத்தை நடத்தினார்.

1568 மே 2-ஆம் தேதி அவள் சிறையிலிருந்து தப்பினாள். பதினோராம் நாள் லாங்ஸைடில் தோற்றாள். பிரான்ஸுக்குப் போங்கள் என்று நண்பர்கள் வற்புறுத்தியும் கேளாமல், மே 16-ஆம் தேதி ஒரு மீன்படகில் ஏறி எலிஸபெத்திடம் உதவி தேடி இங்கிலாந்தில் இறங்கினாள். வயது இருபத்தைந்து.

விசாரணை

உதவி கிடைக்கவில்லை, விசாரணைதான் கிடைத்தது. கணவனைக் கொல்ல உடந்தையாக இருந்தாளா என்று விசாரிக்க 1568 அக்டோபரில் யார்க் நகரிலும், பிறகு வெஸ்ட்மின்ஸ்டரிலும் கமிஷனர்கள் கூடினார்கள். மரே பிரபு ஒரு வெள்ளிப் பெட்டகத்தைக் கொண்டு வந்து காட்டினார். பாத்வெல்லுக்கு மேரி எழுதியதாகச் சொல்லப்பட்ட எட்டுக் கடிதங்களும் சில கவிதைகளும் அதில் இருந்தன. கடிதங்களில் கையெழுத்தும் இல்லை, விலாசமும் இல்லை. கமிஷனர்கள் அவற்றை மேரியின் வேறு கடிதங்களோடு ஒப்பிட்டு, எழுத்து ஒத்திருப்பதாகச் சொன்னார்கள். குற்றம் சாட்டப்பட்டவளோ தூரத்தில் ஒரு கோட்டையில் இருந்தாள். எலிஸபெத் முன் நேரில் வந்து பதில் சொல்கிறேன் என்று கேட்டாள், அனுமதி இல்லை. அசல் கடிதங்கள் அவள் கண்ணில் காட்டப்படவும் இல்லை. 1569 ஜனவரியில் எலிஸபெத் சொன்ன முடிவு: மரே தரப்பின் மேலும் எதுவும் நிரூபணம் ஆகவில்லை, மேரியின் மேலும் போதிய நிரூபணம் இல்லை. அதன்பின் மரே 5,000 பவுன் கடனும் வாங்கிக் கொண்டு ஊர் திரும்பினார். மேரி காவலில் தொடர்ந்தாள்.

1584-க்குப் பிறகு அந்த அசல் கடிதங்களைக் கண்டவர் இல்லை. இன்று மிஞ்சியிருப்பவை நகல்களும் மொழிபெயர்ப்புகளும்தான். முழுவதும் பொய் என்பாரும், அசல் கடிதத்தில் இடைச்செருகல் என்பாரும், எல்லாம் உண்மையே என்பாரும் உண்டு.

இந்த இடத்தில் என் சொந்த விஷயம் ஒன்றைச் சொல்லாமல் மேலே போக முடியவில்லை. உத்தியோகத்தில் இருந்தபோது ஒரு குமாஸ்தாவின் மேல் வந்த பணக் கையாடல் புகாரை விசாரிக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. அசல் ரசீதுகள் காணவில்லை, நகல்கள்தாம் இருந்தன. அவற்றில் இருப்பது தன் எழுத்து இல்லை, அசலைக் காட்டுங்கள் என்று அவர் திரும்பத் திரும்பக் கேட்டார். சீக்கிரம் முடிக்கும்படி மேலிடத்து அவசரம் வேறு. குற்றம் நிரூபணம் என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அவர் வேலை போயிற்று. அவர் எடுத்தாரா இல்லையா என்பது இன்றும் எனக்குத் தெரியாது. நான் எழுதிய அந்த ஒரு வார்த்தை மட்டும் மறக்கவில்லை. மேரி வழக்கைப் படித்த அன்று இரவு எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

பத்தொன்பது வருஷம்

பத்தொன்பது வருஷத்துக்கு மூன்று மாதம் குறைவாக மேரி இங்கிலாந்தில் காவலில் இருந்தாள். டட்பரி, ஷெஃபீல்ட் என்று கோட்டை கோட்டையாக மாற்றினார்கள். பூத்தையல் போட்டாள், கடிதம் எழுதினாள், மூட்டு நோயால் கால் வீங்கி நடக்க முடியாமல் போயிற்று. வெளியிலோ அவள் பெயரைச் சொல்லிச் சதி மேல் சதி நடந்து கொண்டிருந்தது. அவளை மணக்க நினைத்த நார்ஃபக் பிரபுவின் தலை 1572-இல் உருண்டது.

அந்தக் காலத்து அவள் மனநிலை நமக்கு இப்போது இன்னும் நன்றாகத் தெரிகிறது. பாரிஸ் தேசிய நூலகத்தில், இத்தாலிய விவகாரம் என்ற தலைப்பில் தவறாக வைக்கப்பட்டிருந்த சங்கேதக் கடிதக் கட்டு ஒன்றை, கம்ப்யூட்டர் நிபுணர் ஒருவர், சங்கீதப் பேராசிரியர் ஒருவர், ஜப்பானிய பௌதிக அறிஞர் ஒருவர் ஆகிய மூவர் சேர்ந்து விடுவித்து 2023-இல் வெளியிட்டார்கள். 57 கடிதங்கள், சுமார் 50,000 சொற்கள். 1578 முதல் 1584 வரை மேரி எழுதியவை; பெரும்பாலும் லண்டனிலிருந்த பிரான்ஸ் தூதருக்கு. உடல் நலக் குறைவு, விடுதலைக்கான பேச்சு, எலிஸபெத்தின் மந்திரி வால்ஸிங்ஹம் மேல் அவநம்பிக்கை, தன் மகனைப் பிரபுக்கள் கைப்பற்றி விட்டார்களே என்ற பதைப்பு எல்லாம் அவற்றில் உள்ளன. பத்து மாதக் குழந்தையாகக் கடைசியாகப் பார்த்த மகன்!

அதே சங்கேத எழுத்துதான் அவளுக்கு யமனாயிற்று. 1586-இல் சார்ட்லி மாளிகையில் இருந்தபோது பீர் பீப்பாய்க்குள் ஒளித்து அவள் கடிதங்கள் போய் வந்தன. வழியை ஏற்படுத்திக் கொடுத்ததே வால்ஸிங்ஹமின் ஆட்கள். எலிஸபெத்தைக் கொல்லும் திட்டத்தை எழுதிய பாபிங்டனுக்கு மேரி ஜூலை 17-ஆம் தேதி பதில் அனுப்பினாள். சங்கேத நிபுணர் ஃபிலிப்ஸ் அதைப் படித்ததோடு நில்லாமல், கொலையாளிகளின் பெயர்களைக் கேட்பது போல் பின்குறிப்பு ஒன்றையும் பொய்யாகச் சேர்த்தார். பதிலின் சாரம் மேரியுடையதுதான் என்பதைப் பெரும்பாலான ஆய்வாளர்கள் ஏற்கிறார்கள். நானும் ஏற்கிறேன். இருந்தாலும் அக்டோபரில் ஃபாதரிங்கே கோட்டையில் நடந்த விசாரணையில் வக்கீல் வைத்துக் கொள்ள அவளுக்கு அனுமதி இல்லை. அங்கேயும் காட்டப்பட்டது நகல்தான்.

1587 பிப்ரவரி 1-ஆம் தேதி எலிஸபெத் மரண உத்தரவில் கையெழுத்திட்டாள். காரியதரிசி டேவிஸன் அதை மந்திரி சபையிடம் கொடுக்க, அவர்கள் உடனே அனுப்பி விட்டார்கள். காரியம் முடிந்த பிறகு, தான் அனுப்பச் சொல்லவே இல்லை என்று எலிஸபெத் சீறினாள். டேவிஸனுக்கு லண்டன் கோபுரத்தில் சிறையும் பெரும் அபராதமும் கிடைத்தன. மேலிடம் கையெழுத்திட்ட கோப்பை அனுப்பிவிட்டுப் பழி சுமந்த அதிகாரிகள் நம் காலத்திலும் உண்டு.

பிப்ரவரி 8-ஆம் தேதி விடியுமுன் மேரி தன் கடைசிக் கடிதத்தை முதல் கணவனின் தம்பியான பிரான்ஸ் அரசருக்கு எழுதினாள். தன் வேலைக்காரர்களுக்குச் சேர வேண்டிய சம்பளத்தைக் கொடுத்து விடும்படி அதில் கேட்டிருந்தாள். காலையில் கலங்காமல் மேடையேறினாள். சிரச்சேதம் ஒரே வெட்டில் முடியவில்லை. அவள் பாவாடைக்குள் ஒளிந்திருந்த சிறு நாய்க்குட்டி அவளை விட்டு அகல மறுத்தது. அவளுக்கு வயது 44.

மிச்சம்

எலிஸபெத்துக்குச் சந்ததி இல்லை. 1603-இல் மேரியின் மகன் ஜேம்ஸே இங்கிலாந்துக்கும் அரசரானார். அன்று முதல் மூன்றாம் சார்லஸ் வரை அந்தச் சிம்மாசனத்தில் அமர்ந்த எல்லோரும் மேரியின் வம்சம்தான். 1612-இல் ஜேம்ஸ் தாயின் உடலை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்துக்குக் கொண்டு வந்து சமாதி கட்டினார். ஒரே மண்டபத்தின் ஒரு பக்கத்தில் எலிஸபெத், மறுபக்கத்தில் மேரி. உயிரோடிருந்தபோது அவர்கள் ஒரு தடவை கூட நேரில் சந்திக்கவில்லை.

1615-இல் ஜேம்ஸ் அனுப்பிய தூதர் சர் தாமஸ் ரோ சூரத்தில் இறங்கினார்; மறு வருஷம் அஜ்மீரில் ஜஹாங்கீரின் தர்பாரில் நின்றார். 1542-இல் பிறந்த அந்த இரண்டு குழந்தைகளின் பிள்ளைகளுக்கு இடையே இப்படி ஒரு தொடர்பு ஏற்பட்டது.

மேரி குற்றவாளியா? மூன்றாவது கல்யாணம் பெரிய தவறு என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பாபிங்டனுக்கு எழுதியதும் தவறுதான். பத்தொன்பது வருஷம் அடைத்து வைத்தால் யார்தான் தப்பிக்கும் வழி தேட மாட்டார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஆனால் கணவன் கொலையில் அவள் பங்கு என்ன? ஸ்காட்லாந்து நீதிமன்றங்களில், குற்றவாளி, நிரபராதி என்ற இரண்டோடு, நிரூபணமாகவில்லை என்ற மூன்றாவது தீர்ப்பும் நெடுங்காலம் இருந்தது. அவள் காலத்துக்குப் பிறகு வந்த வழக்கம் அது. அதை நீக்க 2025-இல் அங்கே சட்டம் இயற்றி விட்டார்கள். அவர்கள் நீக்கியதற்குக் காரணங்கள் இருக்கலாம். மேரியின் கோப்பு என் மேஜைக்கு வந்திருந்தால் நான் அந்த மூன்றாவதைத்தான் எழுதியிருப்பேன். இன்னொரு கோப்பிலும் அப்படி எழுதியிருக்க வேண்டும்.